எலிசபெத் காட்டன்: ஒரு கிட்டார் வாத்தியாரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி பொன்மலையில் சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் கிட்டார் சொல்லித் தருகிறேன். எந்தப் பாடத்தைத் தொடங்கினாலும் பேச்சு எப்படியோ எலிசபெத் காட்டனிடம் வந்து நிற்கும். அதனால் மாணவர்களும் பெற்றோர்களும் உடன் வாசிக்கும் நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

யார் இந்த எலிசபெத் காட்டன்?

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், சாப்பல் ஹில்லை ஒட்டிய கார்பரோ என்ற ஊரில் 1893இல் பிறந்த கறுப்பினப் பெண். தானே பாட்டுக் கட்டி, தானே கிட்டார் வாசித்துப் பாடியவர். வாழ்நாளின் பெரும்பகுதி அடுத்தவர் வீடுகளில் சமைத்து, துவைத்து, பெருக்கிப் பிழைத்தார். முதல் இசைத்தட்டு 1958இல் வந்தபோது அவருக்கு வயது 65. தொண்ணூறைக் கடந்த பிறகு கிராமி விருது பெற்றார். 1987இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் காலமானார். நெருங்கியவர்களுக்கு அவர் 'லிபா'.

கிட்டாரைத் தலைகீழாக வாசித்தார் என்கிறார்களே, அதற்கு என்ன பொருள்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். எனக்கும் சொல்லச் சொல்ல அலுக்காதது இதுதான்.

கடையில் கிடைக்கும் கிட்டார் வலக்கைக்காரருக்காகக் கம்பி கட்டப்பட்டது. மடியில் வைத்தால் தடித்த கம்பி மேலே, கூரையைப் பார்த்து இருக்கும். மெல்லிய கம்பி கீழே, தரையைப் பார்த்து இருக்கும். வலக்கையின் கட்டை விரல் இயல்பாகத் தடித்த கம்பிகளின் மேல் போய் அமரும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டை எடுக்கும். உலகில் எழுதப்பட்ட கிட்டார் பாடப் புத்தகங்கள் அநேகமாக எல்லாமே இந்த ஏற்பாட்டை நம்பித்தான் எழுதப்பட்டிருக்கின்றன.

எலிசபெத் இடக்கைக்காரர். அண்ணன் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவருடைய பாஞ்சோ என்ற கம்பி வாத்தியத்தையும் கிட்டாரையும் ரகசியமாக எடுத்து வாசித்துப் பழகினார். வாத்தியத்தை அப்படியே திருப்பி, கழுத்தை வலக்கையில் பிடித்து, இடக்கையால் மீட்டினார். கம்பிகள் இருந்த வரிசையிலேயே இருந்தன. ஆகவே தடித்த கம்பி தரைப்பக்கம் போய்விட்டது, மெல்லிய கம்பி கூரைப்பக்கம் வந்துவிட்டது.

இதன் விளைவைக் கவனியுங்கள். அவருடைய கட்டை விரலுக்கு நேரே இப்போது மெல்லிய கம்பிகள். ஆகவே மெட்டை வாசித்தது கட்டை விரல். கீழே கிடந்த தடித்த கம்பிகளில் ஆள்காட்டி விரல் மாறி மாறி விழுந்து தாளத்தைக் காத்தது. நம்மில் வலிமையான விரல் தாளத்தைச் சுமக்கிறது, மென்மையான விரல்கள் மெட்டைப் பாடுகின்றன. அவரிடம் இது அப்படியே எதிர்ப்பதம். அதனால்தான் அவர் வாசிப்பில் மெட்டு சதைப்பற்றோடு, உருண்டையாக ஒலிக்கிறது. அடியில் ஓடும் தாளமோ யாரோ பக்கத்து அறையில் நடப்பதுபோல லேசாகக் கேட்கிறது. ஒலிப்பதிவுக் கூடத்தில் பொத்தானைத் திருகிச் செய்கிற ஒலிச் சமநிலை அவர் கையிலேயே இருந்தது.

இடது, வலது என்ற வேறுபாட்டோடு இது முடிவதில்லை. கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, பிடிக்கும் கைக்கும் எல்லாம் புதிதாகிறது. நம் விரல் நுனிகள் மெல்லிய கம்பிகளைத் தாண்டித் தடித்தவற்றைப் போய்த் தொடும். அவருடைய விரல்கள் தடித்த கம்பிகளைத் தாண்டி மெல்லியவற்றைத் தொட வேண்டும். வளைவு கொஞ்சம் குறைந்தாலும் தாளக் கம்பி ஊமையாகிவிடும். எஃப் கார்டில் எல்லாவற்றிலும் தடித்த ஆறாம் கம்பியைக் கட்டை விரலால் மேலிருந்து அழுத்துகிற வசதி நமக்கு உண்டு, அவருக்கு இல்லை. இத்தனை தடைகளுக்கும் அவரே தனித்தனியாக விடை கண்டுபிடித்தார், அதுவும் சொல்லித் தர ஆளில்லாத ஒரு சிறுமியாக.

கம்பிகளைக் கழற்றி மாற்றிக் கட்டியிருக்கலாமே?

அண்ணனுடைய வாத்தியத்தில், அண்ணனுக்குத் தெரியாமல் வாசிக்கும் ஒரு குழந்தை கம்பியை மாற்றினால் மாலையே பிடிபட்டுவிடும். வரிசை மாறாமல் இருந்ததற்கு அந்த ரகசியமே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

பிறகு தனக்கென்று ஒரு கிட்டார் வாங்கினார். பள்ளியை விட்டு வீட்டு வேலைக்குப் போன வயது அது. மாதம் 75 சென்ட் கூலி. கிட்டாரின் விலை 3 டாலர் 75 சென்ட். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு காசு செலவழிக்காமல் ஐந்து மாதக் கூலி. அதற்குள் கைகள் தலைகீழ் வரிசையில் ஊறிப்போயிருக்க வேண்டும். சொந்தக் கிட்டார் வந்த பிறகும் அவர் வாசிப்பு மாறவில்லை.

உங்களுக்கு அவர் எப்படி அறிமுகமானார்?

நான் பிறவியில் இடக்கைக்காரன். இடக்கையால் சோற்றைத் தொட்டாலும், பெரியவர்களிடம் எதையாவது நீட்டினாலும் என்ன நடக்கும் என்பது தமிழ் வீட்டில் வளர்ந்த எவருக்கும் தெரியும். எழுத்து, சாப்பாடு இரண்டையும் வலக்கைக்கு மாற்றிவிட்டார்கள். பன்னிரண்டு வயதில் தேவாலயப் பாடகர் குழுவில் கிட்டார் கற்கச் சேர்ந்தபோது அதையும் இடப்பக்கமாகத்தான் மடியில் வைத்தேன். சொல்லிக் கொடுத்தவர் ஒரு வார்த்தையும் பேசாமல் அதை வாங்கித் திருப்பி வைத்தார். அவ்வளவுதான். அதன் பிறகு முப்பது வருடங்களாக வலக்கைக்காரனாகவே வாசிக்கிறேன், நன்றாகவே வாசிக்கிறேன்.

இருபத்தைந்து வயதிருக்கும்போது, ரயில்வே குடியிருப்பில் என்னோடு வாசித்த ஆங்கிலோ இந்திய நண்பன் ஒருவன் தன் மாமாவின் ஒலிநாடாவைப் போட்டுக் காட்டினான். 'ஃப்ரைட் ட்ரெயின்' என்ற பாட்டு. நம் ஊர்ப் பேச்சில் கூட்ஸ் வண்டி. பொன்மலைப் பணிமனைச் சங்கு ஊதும் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு ரயில் பாட்டு பிடிக்காமல் போகுமா? ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது ரயிலல்ல. அந்த மெட்டின் கனம். இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரே ஆள் என்று நண்பன் சொன்னான். ஒரு வாரம் முயன்றும் எனக்கு அந்த ஒலி வரவில்லை. சில வருடங்கள் கழித்து அவர் வாசிக்கும் ஒளிப்பதிவைப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. கிட்டார் இடப்பக்கமாக இருந்தது. பன்னிரண்டு வயதில் நான் வைத்த அதே பக்கம். அன்று வெகுநேரம் அந்தத் திரையின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தேன்.

நடுவில் பல ஆண்டுகள் வாசிப்பதையே விட்டுவிட்டாராமே, ஏன்?

பதின்ம வயதிலேயே திருமணம், உடனே ஒரு மகள். கூடவே தேவாலயம். உலகப் பாட்டுகள் வேண்டாம், வாசித்தால் தேவனுக்காக வாசி என்று சபைப் பெரியவர்கள் சொன்னார்கள். பாட்டு மெல்ல மெல்ல நின்றது. அப்படியே பல பத்தாண்டுகள் போயின.

சபை வளர்த்துவிட்ட பாடகர்கள் எத்தனையோ பேர் உண்டு, நானும் அங்கே கற்றவன்தான். ஆனாலும் பன்னிரண்டு வயதுக்குள் ஒரு காலத்தால் அழியாத பாட்டைக் கட்டிய பெண்ணின் இருபது, முப்பது, நாற்பது வயதுப் பாட்டுகள் நமக்குக் கிடைக்கவே இல்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

சீகர் குடும்பம்தானே அவரைக் கண்டுபிடித்தது?

'கண்டுபிடித்தது' என்ற சொல்லை நான் ஏற்பதில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

வாஷிங்டனில் ஒரு பல்பொருள் அங்காடியில் எலிசபெத் வேலை பார்த்தார். அங்கே வழி தவறிய ஒரு சிறுமியை அவளுடைய தாயிடம் சேர்த்தார். அந்தச் சிறுமி பெகி சீகர். தாய் ரூத் க்ராஃபர்ட் சீகர், பெயர் பெற்ற இசையமைப்பாளர். தந்தை சார்ல்ஸ் சீகர் இசை ஆய்வாளர். அந்தச் சந்திப்பிலிருந்து எலிசபெத் அவர்கள் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். நாட்டார் பாடல்களைச் சேகரித்து, எழுதி, பதிவு செய்கிற வீடு. சமையலறைச் சுவரில் ஒரு கிட்டார் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அதை எடுத்து அவர் வாசித்துக்கொண்டிருந்ததைப் பெகி பார்த்துவிட்டார்.

அந்தக் குடும்பத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம், அதில் சந்தேகமில்லை. பெகியின் அண்ணன் மைக் சீகர் ஒலிப்பதிவுக் கருவியை எலிசபெத்தின் வீட்டுக்கே கொண்டுபோய்ப் பதிவு செய்தார். ஃபோக்வேஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் அதைத்தான் 1958இல் வெளியிட்டது. 1960இல் முதன்முதலாகக் கச்சேரி மேடையில் ஏறியதும் மைக்கோடுதான். ஆனால் சுவரிலிருந்து கிட்டாரை இறக்கியது எலிசபெத்தின் சொந்தக் கை. பல பத்தாண்டுகள் தொடாமல் இருந்தும் அந்தக் கை ஒன்றையும் மறக்கவில்லை. எனக்கு ஒரு மாதம் வாசிக்காவிட்டால் விரல் நுனித் தழும்பு கரைந்து, மறுபடி வலிக்கத் தொடங்கும். அவர் கை பழைய வழியைத் தேடிப் போன அந்த மதியங்களை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

'ஃப்ரைட் ட்ரெயின்' பாட்டை வேறு யாரோ தங்கள் பெயரில் பதிவு செய்துகொண்டார்கள் என்பது உண்மையா?

உண்மை. பெகி அந்தப் பாட்டை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்ப் பாடினார். அங்கே கேட்ட இருவர் தாங்கள் எழுதியதாக உரிமை பதிவு செய்தார்கள். சாஸ் மெக்டெவிட் குழுவும் நான்சி விஸ்கியும் பாடிய பதிவு 1957இல் பிரிட்டிஷ் இசைத்தட்டு விற்பனை வரிசையில் ஐந்தாம் இடம் வரை ஏறியது. அதைக் கட்டிய பெண்ணோ அப்போது வாஷிங்டனில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். பிறகு சட்ட வழியில் போராடித்தான் அவர் பெயர் பாட்டோடு சேர்ந்தது.

நாட்டுப்புறப் பாட்டு என்றாலே ஊருக்குப் பொது, எழுதியவர் இல்லை என்ற நினைப்பு நம்மிடமும் உண்டு. தெம்மாங்கும் தாலாட்டும் ஒப்பாரியும் யாரோ ஒரு வாயிலிருந்துதான் முதலில் புறப்பட்டன. அந்த வாய் இன்னும் உயிரோடு இருக்கும்போது 'பாரம்பரியம்' என்று எழுதிக் கடந்து போவதைத் திருட்டு என்றுதான் சொல்வேன்.

பாட்டெழுத்தில் என்ன அப்படிச் சிறப்பு? வரிகள் மிக எளிமையாக இருக்கின்றனவே?

எளிமைதான். அந்த எளிமைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். பதினொன்று, பன்னிரண்டு வயதில் வீட்டருகே ஓடிய ரயிலைக் கேட்டுக் கட்டிய பாட்டில் அந்தப் பிள்ளை மரணத்தைப் பற்றிப் பேசுகிறது. நான் செத்தால் செஸ்ட்நட் தெருவின் கடைசியில் புதையுங்கள், அங்கிருந்தால் ஒன்பதாம் எண் வண்டி போகும் சத்தம் கேட்கும் என்கிறது. தெருவுக்குப் பெயர் இருக்கிறது, வண்டிக்கு எண் இருக்கிறது. செத்த பிறகும் கேட்க விரும்பும் ஒரு சத்தம் இருக்கிறது. சொர்க்கம் வேண்டும் என்று அந்தப் பிள்ளை கேட்கவில்லை. கார்பரோவில் அந்தத் தண்டவாளத்தை ஒட்டிய மிதிவண்டிப் பாதைக்கு இன்று அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இசையிலும் ஒரு நுட்பம் உண்டு. பாட்டு சி மேஜரில் ஓடுகிறது. முதல் இரண்டு வரிகள் சி, ஜி என்று எதிர்பார்த்த வழியில் போய் வருகின்றன. எந்த வண்டியில் போகிறேன் என்று சொல்லிவிடாதே என்று கெஞ்சும் மூன்றாம் வரியில் திடீரென்று ஈ மேஜர் வருகிறது, அங்கிருந்து எஃப். நம் கணக்கில் சொன்னால், சட்ஜமம் சி என்றால், அதுவரை சதுஸ்ருதி தைவதம் புழங்கிய இடத்தில் ஒரு கணம் சுத்த தைவதம் எட்டிப் பார்க்கிறது. ரகசியம் சொல்லும்போது குரல் இறங்குமே, அதுபோல. இலக்கணம் எதுவும் படிக்காத ஒரு சிறுமியின் காது அந்தச் சுரத்தை அந்த இடத்தில் வைத்திருக்கிறது.

'ஓ பேப், இட் எய்ன்ட் நோ லை' இன்னொன்று. அடுத்த வீட்டுப் பெண்மணி இவரைப் பற்றி இல்லாததைச் சொல்லி, அம்மாவிடம் தண்டனை வாங்கிக் கொடுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் பிறந்தது. பாட்டைக் கேட்டால் கோபம் தெரியாது, தாலாட்டு மாதிரி இருக்கும். அழுது முடித்த பிள்ளையின் மூச்சு சீராகி வருமே, அந்த அமைதி.

'ஷேக் சுகரீ' பாட்டை என் மாணவர்களுக்கு நான் கட்டாயம் கேட்கக் கொடுப்பேன். தூங்கப் போகும் நேரத்தில் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் ஆளுக்கொரு வரி சொல்ல வளர்ந்த பாட்டு. ஒவ்வொரு பொருளாக அடகுக் கடைக்குப் போய்விட்டது, இனி ஒன்றும் மிச்சமில்லை என்று பிள்ளைகள் குதூகலமாகப் பட்டியல் போடுகிறார்கள். அடகுச் சீட்டு பீரோவில் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் குதூகலம் நெஞ்சில் தைக்கும். பதிவில் பாடுவது பிரெண்டா எவன்ஸ் என்ற பன்னிரண்டு வயதுக் கொள்ளுப்பேத்தி. எலிசபெத் பின்னால் கிட்டார் மட்டும் வாசிக்கிறார். தன் பாட்டைத் தன் இசைத்தட்டிலேயே ஒரு குழந்தையிடம் கொடுத்துவிட்டு உடன் வாசிக்கிற மனம் எத்தனை பாடகர்களுக்கு வரும்?

அவர் குரல் அவ்வளவு நன்றாக இல்லையே?

மெல்லிய, வயதான, சில இடங்களில் சுருதியை உரசிக்கொண்டு போகும் குரல்தான். வேலை செய்துகொண்டே தனக்குத்தானே பாடிக்கொள்ளும் குரல் அது. களையெடுக்கும்போதும் தொட்டிலாட்டும்போதும் நம் பாட்டிமார் பாடியதும் அடுத்தவரைக் கவர அல்லவே. அந்தக் காதோடு கேளுங்கள்.

நான் வலக்கைக்காரர். அவர் பாணியை எப்படிப் பழகுவது?

முதல் மூன்று வாரம் கட்டை விரல் மட்டும். சி கார்டைப் பிடித்து ஐந்தாம் கம்பி, நான்காம் கம்பி, மறுபடி ஐந்து, நான்கு என்று நான்கு எண்ணிக்கைக்கும் ஒரு தட்டு. பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லிக்கொண்டே வாசிக்க முடிய வேண்டும். அது வரும்வரை மெட்டைத் தொடாதீர்கள். மாணவர்கள் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள். பிறகு மெட்டின் சுரங்களை ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் எடுங்கள். முதலில் கட்டை விரலோடு சேர்ந்து விழும் சுரங்கள். அது படிந்த பிறகு, இரண்டு தட்டுகளுக்கு நடுவில் விழும் சுரங்கள்.

இவ்வளவும் வந்த பிறகு பெரும்பாலோர் வேகத்தைக் கூட்டுவார்கள். நீங்கள் கட்டை விரலின் சத்தத்தைக் குறையுங்கள். பாதியாக, பிறகு அதிலும் பாதியாக. மெட்டை எடுக்கும் விரல்களில் நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுச் சதையால் மீட்டுங்கள். அவர் கட்டை விரலின் கனத்துக்கு வலக்கைக்காரர் நெருங்கி வரக்கூடிய வழி எனக்குத் தெரிந்து இதுதான்.

ஒருமுறை ஆறு மாதம் என் பழைய கிட்டாரைத் திருப்பி வைத்தும் பழகினேன். 'ஃப்ரைட் ட்ரெயின்' முதல் சுற்று மட்டும் தட்டுத் தடுமாறி வந்தது. கட்டை விரலால் மெட்டின் முதல் சுரத்தைத் தொட்ட அந்த இரவில், ஒலிநாடாவில் கேட்ட அதே கனம் என் அறைக்குள் இருந்தது.

என் பிள்ளை இடக்கைக்காரன். எந்தக் கிட்டார் வாங்குவது?

முதலில் கடையில் ஏதாவது ஒரு கிட்டாரை மடியில் கொடுத்து, எந்தப் பக்கம் வைக்கிறான் என்று பேசாமல் பாருங்கள். இடப்பக்கம் வைத்தால் இடக்கைக் கிட்டார் வாங்குங்கள், அல்லது கம்பியை மாற்றிக் கட்டித் தரச் சொல்லுங்கள். அப்போது கம்பி தாங்கும் எலும்புத் துண்டுகளின் பள்ளங்களையும் சரிசெய்யச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தடித்த கம்பி அமராது. தலைகீழ் வரிசையை நானாக யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஆனால் தானாக அப்படி வாசிக்கத் தொடங்கும் பிள்ளையைத் திருத்தவும் மாட்டேன்.

இடக்கை சங்கீதத்துக்கு ஆகாது என்று தாத்தா பாட்டி சொன்னால், பழனி சுப்பிரமணிய பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். மிருதங்கத்தின் மாபெரும் மேதைகளில் ஒருவர், இடக்கைக்காரர்.

எந்தப் பதிவிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

1958இன் ஃபோக்வேஸ் இசைத்தட்டு. அதிலும் சொல் இல்லாமல் கிட்டார் மட்டும் வரும் 'வில்சன் ராக்', 'வாஸ்டபோல்' இரண்டையும் முதலில் கேளுங்கள். பிறகு 1967இல் வந்த 'ஷேக் சுகரீ'. கிராமி வாங்கித் தந்த மேடைப் பதிவை மூன்றாவதாக வையுங்கள். அதில் பாட்டுகளுக்கு நடுவே அவர் கதை சொல்கிறார், பார்வையாளர்களைப் பாட வைக்கிறார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் 2022இல் அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் பாட்டுகளைப் பாப் டிலனும் கிரேட்ஃபுல் டெட் குழுவும் பாடியிருக்கிறார்கள். அவற்றை அவரைக் கேட்ட பிறகு கேளுங்கள்.

நேரில் சந்தித்திருந்தால் என்ன கேட்டிருப்பீர்கள்?

எஃப் கார்டை எப்படிப் பிடிக்கிறீர்கள் அம்மா, கொஞ்சம் மெதுவாகக் காட்டுங்கள் என்று கேட்டிருப்பேன். ஒளிப்பதிவுகளில் கேமரா அந்த நேரம் பார்த்து முகத்துக்குப் போய்விடுகிறது.